இறாலுக்கு நாலு மாதம், மனுவுக்கு எத்தனை?

சீர்காழிக்குக் கிழக்கே திருமுல்லைவாசல் பக்கம் போயிருக்கும் நேயர்கள் அங்கே ஓர் ஆற்றைப் பார்த்திருப்பார்கள். அதற்குப் பெயர் உப்பனாறு. பெயர் வைப்பதில் நம் முன்னோர்கள் கெட்டிக்காரர்கள். கடல் தண்ணீர் எதுவரை ஏறி வருகிறதோ அதுவரை உப்பு. அதற்கு மேற்கே காவேரி. அந்தப் பக்கம் மீனும் இறாலும், இந்தப் பக்கம் நெல் என்று யாரும் சட்டம் போடாமலே ஓர் எல்லை இருந்து வந்தது. கடைமடைக் குடியானவருக்கு அந்த எல்லை நாக்கிலேயே தெரியும். கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "இந்த வருஷம் மேட்டூர்த் தண்ணீர் சரியாக வந்து சேரவில்லை" என்று சொல்லிவிடுவார்.

1990-ஐ ஒட்டிய வருஷங்களில் அந்த எல்லை மேற்கே நகர ஆரம்பித்தது. நகர்த்தியது கடல் அல்ல, பம்பு.

அப்போது இறாலுக்கு வெளிநாட்டில் ஏகப்பட்ட கிராக்கி. ஜப்பானும் அமெரிக்காவும் நல்ல விலை கொடுத்தன. பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் கடலோரத்தில், அதாவது 1991-ல் பிரிந்து நாகப்பட்டினம் ஜில்லாவான பகுதியில், கம்பெனிகள் வேலி வேலியாக நிலம் வாங்கின. விற்றவர்களில் பலர் பட்டணத்துக்குக் குடிபோய்விட்டவர்கள். குத்தகை வசூலித்துச் சலித்துப்போனவர்கள். நெல் விளைந்த இடத்தில் கரை கட்டிக் குளம் வெட்டினார்கள். கடலிலிருந்து குழாய் போட்டு உப்புத் தண்ணீரை இறைத்து நிரப்பினார்கள். வரி இறால் குஞ்சு விட்டு, தீனி போட்டு, நாலு மாதத்தில் பிடித்து ஐஸில் வைத்து அனுப்பிவிடலாம். குருவைக்கும் ஏறத்தாழ அதே காலந்தான். ஆனால் பணத்தில் இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இதில் தப்பு என்ன என்று கேட்பீர்கள். நாலு காசு சம்பாதிப்பது குற்றமா? குற்றமில்லை. தண்ணீர் மட்டும் கரை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அதுதான் சங்கதி. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நெற்பயிருக்கு 2 கிராம் வந்தாலே முகம் வாடிவிடும். இறால் குளத்தின் அடியிலிருந்து கசிகிற நீர் பக்கத்து வயலுக்கும் கிணற்றுக்கும் போகிறது. அறுவடை முடிந்ததும், மிச்சத் தீனியும் கழிவுமாகக் கலங்கிய தண்ணீரை வடிகாலில் திறந்துவிட்டால், அந்த வடிகாலை நம்பி இருப்பவர் கதி என்ன? மேலே காவேரி நிறைய ஓடினால் உப்பை ஓரளவு கழுவிக்கொண்டு போகும். ஓடாத வருஷங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூலி ஜனங்களுக்கு இன்னொரு கஷ்டம். நெல் என்றால் நாற்றுப் பறி, நடவு, களை, அறுப்பு என்று ஊரில் பாதிப் பெண்களுக்காவது வேலை உண்டு. இறால் குளத்துக்கு வேண்டியது சில காவல்காரர்களும் ஒரு டீசல் எஞ்சினும். மீனவர்களுக்கோ கடற்கரைக்குப் போகிற பாதையே வேலிக்குள் போய்விட்டது.

இந்தச் சமயத்தில்தான் எண்பது வயதுக் கிழவர் ஒருவர் குறுக்கே நின்றார். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர். வினோபாவுடன் பூதானத்துக்காக நடந்தவர். 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்துபோன பிறகு, அவரும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் கீழத்தஞ்சையிலேயே தங்கிவிட்டார்கள். நிலமில்லாத ஹரிஜனக் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதற்காக 1981-ல் 'லாப்டி' என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார்கள். பாடுபட்டு ஒரு பக்கம் ஏக்கர் ஏக்கராக வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கையில், மறு பக்கம் நிலம் உப்பாகிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

சத்தியாக்கிரகம் செய்து பார்த்த பெரியவர், 1994-ல் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார். எஸ். ஜெகந்நாதன் எதிர் இந்திய யூனியன் என்று இன்றைக்குச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருப்பது அந்த வழக்குத்தான். கோர்ட்டார் நாகபுரியிலுள்ள சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தை அனுப்பிக் கடற்கரையைப் பார்த்து வரச் சொன்னார்கள். அந்த நிலையத்தின் கணக்கு ஒன்று தீர்ப்பிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் இறால் வளர்ப்பினால் வருஷத்துக்கு வரும்படி 280 கோடி ரூபாய். நாசமானவற்றின் மதிப்பு 423 கோடி. ஆந்திராவில் வரும்படி 1,500 கோடி. நஷ்டம் 6,300 கோடி. வரும்படி போன பை ஒன்று, நஷ்டம் விழுந்த பை வேறொன்று என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பையாக இருந்திருந்தால் யாரும் இந்தத் தொழிலில் இறங்கியிருக்க மாட்டார்கள்.

1996 டிசம்பர் 11-ந் தேதி நீதிபதிகள் குல்தீப் சிங்கும் சகீர் அகமதும் தீர்ப்புச் சொன்னார்கள். 1991-ல் சர்க்கார் வெளியிட்ட அறிவிக்கையின்படி, கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் இறால் பண்ணைகள், பாரம்பரிய முறையில் நடப்பவை நீங்கலாக, 1997 மார்ச் 31-க்குள் இடிக்கப்பட வேண்டும்; வயலையும் உப்பளத்தையும் சதுப்பு நிலத்தையும் இறால் குளமாக மாற்றக் கூடாது; கெடுத்தவரே நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும்; வேலை இழக்கும் தொழிலாளிக்கு ஆறு வருஷச் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும்; இவற்றையெல்லாம் மேற்பார்க்க ஓர் அதிகார சபை அமைய வேண்டும். மனுப் போட்டு இரண்டே வருஷம் சொச்சத்தில் இவ்வளவும் வந்துவிட்டது. நம் நாட்டுக் கோர்ட்டுக் கணக்கில் இதை மின்னல் வேகம் என்றே சொல்ல வேண்டும்.

மின்னல் அத்தோடு சரி.

தீர்ப்பை மறுபடி பார்க்க வேண்டும் என்று பண்ணைக்காரர்கள் மனுப் போட்டார்கள். 1997 மார்ச்சில், கெடு முடியப் போகிற தறுவாயில், இடிப்புக்குத் தடை கிடைத்தது. அதே மார்ச்சில் ராஜ்ய சபையில் பண்ணைகளுக்குப் பாதுகாப்பாக ஒரு மசோதா நிறைவேறியது. அது லோக் சபையில் நிறைவேறும் முன்பே டிசம்பரில் அந்தச் சபை கலைக்கப்பட்டது, மசோதாவும் காலாவதியாயிற்று. அப்புறம்? குளங்கள் இருந்தன, தடையும் இருந்தது. சுனாமி வந்து போயிற்று. 2005 ஜூனில் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபைச் சட்டம் வந்தது. 500 மீட்டர் 200 மீட்டர் ஆயிற்று. 1991 அறிவிக்கை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது, எப்போதுமே பொருந்தியதில்லை என்று பின்தேதியிட்டு எழுதிவிட்டார்கள்!

பின்தேதி போட்ட செக்கைப் பார்த்திருப்பீர்கள். பின்தேதி போட்ட கடற்கரையை இங்கேதான் பார்க்கலாம்.

சட்டசபைகளுக்குச் சட்டத்தை மாற்றும் உரிமை உண்டு; அதை நான் மறுக்கவில்லை. எட்டு வருஷம் என்ன நடந்தது என்பதே என் கேள்வி. 1996 தீர்ப்பு சரி என்றால் 1997-லேயே நிறைவேறியிருக்க வேண்டும். தப்பு என்றால் 1997-லேயே விசாரித்து ரத்து செய்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் கிடப்பில் போட்டதால், கிடப்பே தீர்ப்பாகிவிட்டது. அந்தத் தீர்ப்பு யாருக்குச் சாதகம்? ஏற்கெனவே குளம் வெட்டி வைத்திருந்தவருக்கு. அவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு அறுவடை. கிணறு உவர்த்துப் போனவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு மைல் நடை, இடுப்பில் குடத்தோடு.

இனிமேல் கதையைத் திருப்பிப் பார்ப்போம். தாமதம் எப்போதும் பெரிய கைகளுக்கே உதவுகிறது என்பதற்கு இந்தப் பக்கமும் சாட்சி உண்டு.

வேதாரண்யம் பக்கம் உங்களுக்கு மூன்று ஏக்கர் உவர் நிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நெல்லும் வராது, எள்ளும் வராது. 200 மீட்டர் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. பக்கத்தில் வயலும் இல்லை, குடிநீர்க் கிணறும் இல்லை. சட்டப்படி பதிவு செய்துகொண்டு இறால் வளர்க்க ஆசைப்படுகிறீர்கள். 2 ஹெக்டேருக்கு உட்பட்ட பண்ணை என்றால், கலெக்டரைத் தலைவராகக் கொண்ட ஜில்லாக் கமிட்டி பார்த்துச் சிபாரிசு செய்ய வேண்டும். பிறகு சென்னையிலுள்ள அதிகார சபை பதிவுச் சான்று தரும். சான்று ஐந்து வருஷத்துக்கு. அப்புறம் புதுப்பிக்க வேண்டும். கேட்பதற்கு ஒழுங்காகவே இருக்கிறது.

ஆனால் இறாலுக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. தை, மாசியில் குளத்தை வெடிக்கக் காயவிட்டு, சுண்ணாம்பு போட்டு, தண்ணீர் ஏற்றிக் குஞ்சு விட்டால் ஆனியில் கரை சேரலாம். அதற்குப் பின் இன்னொரு போகம் வேண்டுமானால் ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவ மழையில் குளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க யாரும் துணிய மாட்டார்கள். ஆகவே கமிட்டிக் கூட்டம் ஒரு தடவை தள்ளிப் போனால் போனது ஒரு மாதம் அல்ல, ஒரு போகம். மனு நிராகரிக்கப்பட்டு நீங்கள் மேலே போனீர்களோ, போகங்களை எண்ணுவதற்கு விரல்கள் போதாது.

சான்று இல்லாமல் தொடங்கிவிட்டால் என்ன? பாங்கில் கடன் கிடையாது. 2009-லிருந்து அனுமதிக்கப்பட்ட வெள்ளைக்கால் இறாலின் குஞ்சுகளை, அங்கீகாரம் பெற்ற பொரிப்பகத்தார் பதிவுள்ள பண்ணைக்குத்தான் தரலாம். எங்கேயோ கிடைத்ததை வாங்கி விட்டு, வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் ஒரு வாரத்தில் குளம் காலி. 1994, 1995 வருஷங்களில் கிழக்குக் கடற்கரை முழுவதையும் அந்த நோய் எப்படி வாரிக்கொண்டு போயிற்று என்பது பழைய பண்ணைக்காரர்களுக்கு நினைவிருக்கும். பெரிய கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார், மேஜைக்கு மேஜை நடக்க ஆள் இருக்கிறார். மூன்று ஏக்கர்க்காரருக்கு இருப்பது மனைவியின் கழுத்துச் சங்கிலி. அதற்கும் அடகுக் கடையில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

இந்த வியாதி நமக்கு மட்டும் உள்ளதல்ல. ஐரோப்பாவிலே அயர்லாந்து என்றொரு தேசம். அங்கே கடலில் கூண்டு கட்டி சால்மன் மீன் வளர்க்கிறார்கள். கயிற்றில் சிப்பி வளர்க்கிறார்கள். லைசென்ஸ் கொடுத்தாலும் மறுத்தாலும் அப்பீல் செய்வதற்கென்றே 1998-ல் ஒரு தனி போர்டு ஏற்படுத்தினார்கள். அதற்கான 1997-ம் வருஷச் சட்டம், நாலு மாதத்துக்குள் அப்பீலை முடிப்பது போர்டின் குறிக்கோளாக இருக்க வேண்டும் என்கிறது. நாலு மாதம்! ஒரு இறாலின் ஆயுள். சட்டம் எழுதியவருக்கு இறாலைப் பற்றித் தெரிந்திருக்காது. கணக்கு தற்செயலாக ஒத்துக்கொண்டது.

நடந்தது என்ன? பான்ட்ரி வளைகுடாவில் ஷாட் ஹெட் என்ற இடத்தில் சால்மன் பண்ணை வைக்க ஒரு கம்பெனி 2011-ல் மனுச் செய்தது. 2015-ல் லைசென்ஸ் கிடைத்தது. ஊரார் அப்பீல் செய்தார்கள். 2017-ல் நேரில் விசாரணை நடந்தது. போர்டின் முடிவு வெளிவந்தது 2021-ல். அதற்குப் பின்னும் விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. கம்பெனியும் திட்டியது, ஊராரும் திட்டினார்கள். பரஸ்பரம் விரோதிகளான இரு கட்சிகளும் ஒரே குரலில் திட்டுகிற பாக்கியம் வேறெந்த ஆபீஸுக்கும் எளிதில் கிடைக்காது!

நம் நாட்டில் 2010-ல் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. மனுவோ அப்பீலோ வந்தால் ஆறு மாதத்துக்குள் முடிக்க 'முயற்சி' செய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் வாசகம். 'முயற்சி' என்ற இந்தச் சொல்லை நான் பல சட்டங்களில் பார்த்துவிட்டேன். பாஸாக முயற்சி செய்கிறேன் என்று சொல்கிற பையனுக்கு நம் வீட்டில் என்ன மரியாதை கொடுக்கிறோம்?

ஆனாலும் அயர்லாந்துச் சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் உண்டு. அதை நாம் கடன் வாங்கலாம். நாலு மாதத்தில் முடிக்க இயலாது என்று போர்டு நினைத்தால், ஏன் இயலாது, எந்தத் தேதிக்குள் முடிப்போம் என்பதைக் கட்சிக்காரர்களுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். சின்ன விஷயந்தான். ஆனால் காகிதத்தில் ஒரு தேதி இருந்தால் குடியானவன் கணக்குப் போடலாம். இந்தப் போகத்துக்கு விதை வாங்கலாமா, வேண்டாமா. மகனைத் திருப்பூருக்கு வேலைக்கு அனுப்பலாமா, இன்னும் ஆறு மாதம் வைத்துக்கொள்ளலாமா என்று தீர்மானிக்கலாம். தேதியில்லாத காத்திருப்புத்தான் ஆளைத் தின்றுவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முடிவு வரும்வரை நிலைமை எப்படி இருக்க வேண்டும்? இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: தடை உத்தரவு, இருப்பது இருக்கிறபடி. இது சரியல்ல என்பது என் அபிப்பிராயம். பக்கத்துக் கிணறு உவர்க்கிறது என்று புகார் வந்தால், விசாரணை முடியும்வரை பம்பு நிற்கட்டும். வீணாவது ஒரு போகம், அதை ஈடு கட்டலாம். நிலத்தடியில் இறங்கிய உப்பை எந்தக் கோர்ட்டு மேலே எடுக்கும்? அதே சமயம், ஐந்து வருஷம் எந்தப் புகாரும் இல்லாமல் நடந்த சின்னப் பண்ணை, கெடுவுக்குள் புதுப்பிக்க மனுக் கொடுத்துவிட்டு ஆபீஸ் தாமதத்தால் காத்திருந்தால், அது தொடர்ந்து நடக்கட்டும். தாமதத்தின் செலவை அதைத் தாங்க முடிந்தவர் தலையில் வைக்க வேண்டும். இப்போது நேர்மாறாக இருக்கிறது.

2023-ல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். பதிவில்லாமல் பண்ணை நடத்தினால் மூன்று வருஷம் வரை சிறை என்று இருந்ததை எடுத்துவிட்டு அபராதமாக்கினார்கள். சின்னக் குடியானவரைச் சிறைக்கு அனுப்புவதை நானும் விரும்பவில்லை. ஆனால் பெரிய பண்ணைக்கு அபராதம் என்பது தீனிச் செலவு, டீசல் செலவு மாதிரி கணக்குப் புத்தகத்தில் இன்னொரு வரி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில், 98-வது வயதில் காலமானார். 2008-ல் அவருக்கும் கிருஷ்ணம்மாளுக்கும் சுவீடனிலிருந்து வழங்கப்படும் 'நல்வாழ்வு உரிமை' விருது கிடைத்தது. 2020-ல் அம்மையாருக்குப் பத்மபூஷண் அறிவித்தார்கள். விருதுகள் தாமதமாகவேனும் வந்து சேர்ந்தன.

கடைமடை நேயர்களுக்கு ஒரு யோசனை. இறால் சட்டத்துக்கு ஜனாதிபதி கையெழுத்து விழுந்தது 2005 ஜூன் 23. அதற்கு எட்டு நாள் முன்னால் கையெழுத்தானது தகவல் உரிமைச் சட்டம். உங்கள் ஜில்லாக் கமிட்டியின் முன் எத்தனை மனுக்கள் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் வந்தது, கமிட்டி கடைசியாகக் கூடியது என்றைக்கு என்று கேட்டு, 10 ரூபாய் கட்டி எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் அப்பீல். அதை 30 நாளில், அதிகம் போனால் 45 நாளில் முடிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பதில் வருகிற வரையில் சும்மா இராமல், கிணற்றுத் தண்ணீரை மாதம் ஒரு தடவை சோதிக்கச் சொல்லி, தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பள்ளிக்கூடத்து விஞ்ஞான வாத்தியார் உப்பு அளக்கும் சிறு கருவி வைத்திருப்பார். நாளைக்கு வழக்கு என்று வந்தால் நாக்கு சொல்லும் சாட்சியைவிட அந்த நோட்டு செல்லும்.

முதல் அப்பீலுக்குப் பின் இரண்டாவது அப்பீல் என்று ஒன்று உண்டு. அதற்கு மட்டும் சட்டத்தில் கெடு எதுவும் போடவில்லை.